சீட்டு பையனுக்கா, அவன் முட்டிக்கா?



இது நீளமான பதிவு. காபி போட்டு வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். பாதி படித்துவிட்டு லைக் போடுகிறவர்கள் யாரென்று எனக்குத் தெரியும். பாடம் நடத்தும்போதும் தெரிந்ததுதானே!

போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். ஓசூர் சிப்காட்டில் வேலை. அவனுக்கே இப்போது பதினேழு வயதில் பையன்.

"டீச்சர், பையன் பிளஸ் டூ எழுதிட்டான். ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல கபடிக்காகக் கூப்பிடுறாங்க. ஃபீஸ் இல்ல, ஹாஸ்டல் இல்ல, சாப்பாடு இல்ல."

"சாப்பாடு இல்லாம எப்படிப்பா ஆடுவான்?" என்றேன்.

"ஐயோ டீச்சர், எதுக்கும் காசு இல்லன்னு சொன்னேன்" என்று சிரித்தான். பிறகு குரல் மாறியது. "அங்க நாலு வருஷம் ஆடுனா ப்ரோ கபடிக்கே போயிடலாம்னு கோச் சொல்றார். வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டோட வந்து கையெழுத்துப் போடணுமாம். போடட்டுமா டீச்சர்?"

போடு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் பொறு என்றேன். அவனுக்குச் சொல்ல வேண்டியதை, அவனிடம் கேட்டுக்கொண்டு, உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம்.

டீச்சருக்கும் கபடிக்கும் என்ன சம்பந்தம் என்று உறவினர்கள் கேட்கலாம். கெலமங்கலம் பக்கம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் நான் இருந்தபோது எங்களுக்கு உடற்கல்வி ஆசிரியர் கிடையாது. குறுவட்டப் போட்டி வந்தால் யாராவது ஒருவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். மற்றவர்கள் நழுவிவிடுவார்கள், நான் போவேன். கையில் தண்ணீர்க் குடம், பையில் டிங்சர், பஞ்சு, ஒரு டஜன் வாழைப்பழம். விதிமுறை எல்லாம் பிள்ளைகளிடமே கற்றுக்கொண்டேன். வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற பிள்ளைகள், வகுப்பில் தமிழ் வாசிக்கத் தடுமாறுவார்கள். களத்தில் இறங்கிவிட்டால் தடுமாற்றமே இருக்காது. அதனால்தான் எனக்கு அந்த ஆட்டம் பிடித்துப் போயிற்று.

அந்தப் பிள்ளைகளில் ஒருவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், அவன் வகுப்புத் தோழர்களுக்குத் தெரியும். அப்பா இல்லை. அம்மா ரோஜா பாலி ஹவுஸில் பூ வெட்டும் வேலை. எட்டாம் வகுப்பிலேயே அவன் பாடிப் போனால் எதிரணியில் நான்கு பேர் சேர்ந்துதான் பிடிக்க முடியும். மேல்நிலைப் பள்ளிக்குப் போன பிறகும் விடவில்லை. ஊர் ஊராக மின்னொளி கபடி ஆடினான்.

2014-ல் ப்ரோ கபடி லீக் வந்தது. அதுவரை மண்ணில் ஆடின ஆட்டத்தை டிவியில், விளக்கு வெளிச்சத்தில், ஏலம் போட்டு ஆட ஆரம்பித்தார்கள். அத்திப்பள்ளி தாண்டினால் பெங்களூரு. கண்டீரவா உள்ளரங்கத்தில் பெங்களூரு புல்ஸ் ஆட்டம் என்றால் நம் பிள்ளைகள் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு நள்ளிரவில் திரும்புவார்கள். அடுத்த வருடம் அவன் பிளஸ் டூ முடித்தான். வெளி மாவட்டத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றிலிருந்து ஆள் வந்தது. எல்லாம் இலவசம் என்றார்கள்.

அம்மா என்னிடம் ஓடி வந்தார். கையில் இங்கிலீஷில் டைப் அடித்த இரண்டு பக்கத் தாள். அவருக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். "நீங்க சொன்னா போடுறேன் டீச்சரம்மா" என்றார். நான் மேலோட்டமாகப் பார்த்தேன். நம் பள்ளிப் பிள்ளை இன்ஜினியர் ஆகப் போகிறான் என்ற பூரிப்பில் இருந்தேன். "போடுங்கம்மா, நல்ல காலம் வந்திருக்கு" என்றேன். என் பேனாவைத்தான் கொடுத்தேன்.

மூன்றாம் வருடம் ஒரு கல்லூரிப் போட்டியில் அவன் இடது முட்டியின் ஜவ்வு கிழிந்தது. முதல் நாள் ஆஸ்பத்திரிச் செலவைக் கல்லூரி கட்டியது. ஆபரேஷனுக்கு அம்மாவின் செயினும் கம்மலும் அடகுக்குப் போயின. மறுபடி ஆட ஒரு வருடம் ஆகலாம் என்றார் டாக்டர். அடுத்த செமஸ்டர் தொடங்கியபோது ஹாஸ்டலுக்கும் படிப்புக்கும் பணம் கட்டச் சொன்னார்கள். "நீ டீம்ல இல்லையே" என்பதுதான் பதில். அந்த இங்கிலீஷ் தாளில் அப்படித்தான் இருந்ததாம். அணியில் ஆடும்வரைதான் சலுகை. போட்டி, கேம்ப் என்று சுற்றியதில் அரியர் வேறு சேர்ந்திருந்தது. சர்ட்டிஃபிகேட்டை வாங்குவதற்கே பல மாதம் அலைந்தார்கள்.

சில வருடம் கழித்து ஓசூர் பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்தேன். கம்பெனி சட்டையில், ஷிப்டு முடிந்து வந்தவன், என் பையை வாங்கிக்கொண்டு லேசாகக் காலைத் தாங்கித் தாங்கி நடந்தான். ஒப்பந்தத் தொழிலாளி. பேசிக்கொண்டே வந்தவன் சொன்னான்: "முட்டி போனதுகூடப் பரவாயில்ல டீச்சர். ரெண்டரை வருஷம் படிச்சேன்ல, அதுக்குக் காட்ட ஒரு பேப்பர்கூட இல்ல."

அந்தப் பேச்சு இன்றுவரை என் மனதை விட்டுப் போகவில்லை.

இது நம் ஊரில் மட்டும் நடக்கிற கதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 2023-ல் மகள் வீட்டுக்கு அமெரிக்கா போனபோதுதான் வேறு மாதிரி தெரிந்தது. மருமகனுக்கு மிச்சிகன் மாநிலத்தில் கார் கம்பெனி வேலை. வீடு ஆன் ஆர்பர் என்ற ஊரில். செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை காலை எழுந்து பார்த்தால் தெரு முழுக்கக் கார். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் புல்தரையில் காரை நிறுத்த விட்டுக் காசு வாங்கிக்கொண்டிருந்தார்கள். நம் சந்திரசூடேஸ்வரர் தேரோட்டத்தன்று ஓசூர் இருக்குமே, அப்படி. என்னவென்று கேட்டால், பல்கலைக்கழக ஃபுட்பால் மேட்ச் என்றாள் மகள்.

அந்தப் பல்கலைக்கழக மைதானத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். ஊரின் ஜனத்தொகையே ஒன்றேகால் லட்சத்தை ஒட்டித்தான். அவர்கள் ஃபுட்பால் என்பது நாம் சொல்லும் கால்பந்து அல்ல. பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும், எதிரணி மடக்கிப் பிடிக்க வேண்டும். கவசமும் தொப்பியும் போட்ட கபடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மருமகன் பொறுமையாக விளக்கினார். அங்கே என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக்கில் 32 அணிகள். பள்ளியிலிருந்து நேராக அதில் சேர முடியாது, பள்ளி முடித்து மூன்று வருடமாவது ஆக வேண்டும். அந்த மூன்று வருடம் பிள்ளைகள் எங்கே ஆடுவார்கள்? பல்கலைக்கழகத்தில். ஆக, லீக்குக்கு வேண்டிய ஆட்களைத் தயார் செய்து கொடுப்பது பல்கலைக்கழகங்கள்தான். பல மாநிலங்களில் அரசுச் சம்பளம் வாங்குகிறவர்களிலேயே அதிகம் வாங்குபவர் கவர்னர் இல்லை, அரசுப் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் கோச்! மிச்சிகனின் கோச் ஜிம் ஹார்பா 2024 ஜனவரியில் தேசியக் கோப்பையை வென்ற அதே மாதம் தொழில்முறை அணிக்குப் போய்விட்டார். கோச் நினைத்த நேரத்தில் போகலாம். பையனுக்கு முட்டி போனால் அவன் எங்கே போவான்?

நான் இதைக் கேட்டதும் அவர் பழைய கதை ஒன்று சொன்னார். 1955-ல் கொலராடோவில் ரே டெனிசன் என்ற கல்லூரி வீரர் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்துபோனார். மனைவி, வேலையில் இறந்த தொழிலாளியின் குடும்பத்துக்குத் தரும் நஷ்ட ஈட்டைக் கேட்டார். 1957-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. கல்லூரி ஃபுட்பாலைத் தொழிலாக நடத்தவில்லை, அதனால் அவர் தொழிலாளி இல்லை என்றது. அந்தக் காலத்தில்தான் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 'மாணவ வீரர்' என்ற சொல்லை ஊரெங்கும் பரப்பியது. சங்கத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த வால்டர் பையர்ஸ், ஓய்வு பெற்ற பிறகு எழுதிய புத்தகத்தில், இந்த நஷ்ட ஈட்டு வழக்குகளுக்குப் பயந்து தாங்களே உண்டாக்கிய சொல் அது என்று ஒப்புக்கொண்டார். மாணவன் என்றும் சொல்லலாம், வீரன் என்றும் சொல்லலாம், எது செலவு குறைவோ அந்த நேரத்தில் அதைச் சொல்லிக்கொள்ளலாம்!

1973-லிருந்து அங்கேயும் உதவித்தொகை வருடா வருடம் புதுப்பிப்பதாகத்தான் இருந்தது. ஆட்டம் சரியில்லை என்றாலோ அடிபட்டாலோ அடுத்த வருடம் நிறுத்திவிடலாம். நம் பையனின் தாளில் இருந்ததும் இதுதானே? பிள்ளைகள் போராடினார்கள், கோர்ட்டுக்குப் போனார்கள். 2015-ல் பெரிய பல்கலைக்கழகங்கள் விதியை மாற்றின. விளையாட்டுக் காரணத்துக்காக உதவித்தொகையை நிறுத்தக் கூடாது என்று ஆனது. 2021-லிருந்து பிள்ளைகள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். 2025-லிருந்து பல்கலைக்கழகமே நேரடியாகப் பணம் தரலாம். முதல் வருடத்துக்கு ஒரு பல்கலைக்கழகம் கிட்டத்தட்ட 2 கோடி டாலர் வரை தரலாம் என்று கோர்ட் ஒப்புக்கொண்டிருக்கிறது.

அவ்வளவு பணம் புழங்குகிற அமெரிக்காவிலேயே கல்லூரி ஃபுட்பால் ஆடுகிறவர்களில் தொழில்முறை அணிக்குப் போகிறவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. இப்போது நம் கணக்கைப் போடுவோம். நோட்டை எடுங்கள். ப்ரோ கபடியில் 12 அணிகள். அணிக்கு இருபது பேர் என்று வைத்தால் 240 பேர். இந்தியா முழுவதற்கும் அவ்வளவுதான் இடம். அதிலும் ஈரான்காரர்களுக்குச் சில இடம் போகும். ஹரியானாக்காரர்கள் நிறையப் பேர். நம் தமிழ் தலைவாஸ் 2017-ல் களமிறங்கியபோது கேப்டன் அஜய் தாக்கூர், இமாச்சலப் பிரதேசத்துக்காரர். தவறு என்று சொல்லவில்லை, விளையாட்டுக்கு எல்லை கிடையாது. தஞ்சாவூர்ப் பக்கத்து தர்மராஜ் சேரலாதன் பாட்னா அணிக்குக் கேப்டனாக இருந்து 2016-ல் கோப்பை வாங்கினாரே! ஆனால் இடம் எத்தனை, ஆள் எத்தனை என்று எண்ணிப் பார்க்க வேண்டும். நம் மாநிலத்தில் இருக்கும் நூற்றுக்கணக்கான பொறியியல் கல்லூரிகளில் நூறு கல்லூரிக்குக் கபடி அணி இருந்தாலே ஆயிரத்துக்கு மேல் பிள்ளைகள்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். 2022-ல் தமிழ் தலைவாஸ் பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே முட்டியில் அடி, அந்த சீசன் முழுக்க வெளியே. அடுத்த ஏலத்தில் தெலுங்கு டைட்டன்ஸ் அவரை 2 கோடியே 60 லட்சத்துக்கு மேல் கொடுத்து எடுத்தது. அவருக்குப் பெயர் இருந்தது, நல்ல வைத்தியம் இருந்தது, பின்னால் ஒப்பந்தம் இருந்தது. நம் பையனுக்கும் அடிபட்டது முட்டியில்தான். அவனுக்குப் பின்னால் இருந்தது அம்மாவின் செயின் மட்டும்.

உடற்கல்வி இயக்குநராக இருக்கும் என் மாணவன் ஒருவனிடம் இதைப் பேசினேன். அவன் நியாயமாகவே பதில் சொன்னான்: "டீச்சர், காலேஜ் ஒண்ணும் தர்மசத்திரம் இல்ல. ஒரு பையனுக்கு நாலு வருஷத்துக்கு லட்சக்கணக்குல செலவு. ஆடலைன்னா மேனேஜ்மெண்ட் என்னைத்தான் கேக்கும். அதோட, இந்த சீட்டு இல்லைன்னா அந்தப் பசங்க காலேஜ் வாசலே மிதிக்க மாட்டாங்க."

பாதி ஒப்புக்கொள்கிறேன். கபடியால் படித்து, போலீஸிலும் ரயில்வேயிலும் மின்வாரியத்திலும் வேலைக்குப் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கும் முதலில் படிப்புச் சான்றிதழ் வேண்டுமே! பட்டம் இல்லாத மெடல் வீட்டுச் சுவரில் தொங்கும், அவ்வளவுதான்.

செலவுக் கணக்குச் சொல்கிற கல்லூரி வரவுக் கணக்கையும் சொல்ல வேண்டும். பையன் கோப்பை வாங்கி வந்த அன்று கல்லூரி வாசலில் அவன் படத்தோடு ஃபிளக்ஸ். அட்மிஷன் நேரத்தில் நோட்டீஸில் அவன் படம். அதைப் பார்த்துச் சேர்ந்த பிள்ளைகள் கட்டிய பணம் எந்தக் கணக்கில் வரும்? இரண்டரை வருடம் அவன் ஆடிக் கொடுத்தாயிற்று. மீதி ஒன்றரை வருடப் படிப்பு தர்மம் இல்லை, அவனுக்குச் சேர வேண்டிய கூலி.

என் கருத்து இவ்வளவுதான். சீட்டு பையனுக்குக் கொடுக்க வேண்டும், அவன் முட்டிக்குக் கொடுக்கக் கூடாது. ஆட்டம் நின்றாலும் படிப்பு நிற்கக் கூடாது. இதை எழுதிக் கொடுக்கிற கல்லூரிக்குத் தாராளமாக அனுப்புங்கள். எழுதித் தர மாட்டோம் என்கிற கல்லூரி எவ்வளவு பெரியதானாலும் வேண்டாம்.

போன் செய்த என் மாணவனுக்கு இன்னொன்றும் சொல்கிறேன். இலவசம் என்பது கல்லூரிக்காரர் வந்து தருவது மட்டும் இல்லை. உன் பையன் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவன். பொறியியல் கவுன்சலிங்கில் அவனுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. 2021-லிருந்து நடைமுறையில் உள்ளது. அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டும். தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும், பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண். அதே கவுன்சலிங்கில் விளையாட்டுப் பிரிவில் 500 இடமும் உண்டு. அது ஏற்கெனவே வாங்கிய சான்றிதழுக்குத் தருகிற இடம். இனிமேல் ஆடப்போவதற்குத் தருகிற இடம் இல்லை. நாளைக்கு முட்டி போனாலும் யாரும் வந்து திருப்பிக் கேட்க மாட்டார்கள். முதலில் கவுன்சலிங்குக்கு விண்ணப்பித்துவிடு, கடைசித் தேதி தாண்டிவிடாதே. அந்தப் பையன் காலத்தில் இந்த 7.5 சதவீதம் இல்லை. உன் பையனுக்கு இருக்கிறது.

அதற்குப் பிறகும் அந்தக் கல்லூரிதான் வேண்டும் என்றால், கையெழுத்துக்கு முன் இவற்றைக் கேள். வாய் வார்த்தை வேண்டாம், தாளில் வேண்டும்.

1. அடிபட்டாலோ அணியில் எடுக்காவிட்டாலோ நான்கு வருடமும் கட்டணச் சலுகை தொடருமா?

2. ஆட்டத்திலும் பயிற்சியிலும் அடிபட்டால் ஆபரேஷன் வரை யார் செலவு? இன்சூரன்ஸ் இருக்கிறதா? பாலிசித் தாளைக் காட்டுவார்களா?

3. போட்டிக்குப் போன நாட்களுக்கு வருகைப் பதிவு உண்டா? விட்டுப்போன பாடத்தை யார் நடத்துவார்கள்? தேர்வு நாளில் மேட்ச் வந்தால் எது முக்கியம்?

4. இதற்கு முன் இப்படிச் சேர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர் பட்டம் வாங்கினார்கள்? இரண்டு பேரின் போன் நம்பர் தருவார்களா? எத்தனை கோப்பை என்பதைக் கேட்காதே. அதை அவர்களே சொல்லுவார்கள்.

5. ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டைச் சரிபார்த்த உடனே திருப்பித் தருவார்களா? கல்லூரிகள் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2016-லேயே சொல்லியிருக்கிறது.

தாள் இங்கிலீஷில் இருந்தால் தமிழில் ஒரு பிரதி கேள். தர மாட்டேன் என்றால் வீட்டுக்கு எடுத்து வா. அவசரப்படுத்தினால் அங்கேயே உனக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொள்.

உங்களில் கல்லூரிகளில் வேலை பார்க்கிறவர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறீர்கள். வக்கீல்கள் இரண்டு பேர். உங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு பக்கத்தில், நல்ல தமிழில், இந்த ஐந்தையும் சேர்த்து ஓர் ஒப்பந்த மாதிரி எழுதிக் கொடுங்கள். நம் பக்கத்துப் பள்ளிகளில் எல்லாம் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

அந்தப் பையன் இதைப் படிப்பான் என்று தெரியும். தம்பி, உன் அம்மாவுக்கு அன்று பேனா கொடுத்தது நான். முழுதாகப் படித்துப் பார்க்காமல் கொடுத்தேன். நேரில் சொல்ல வாய் வரவில்லை, இங்கே எல்லோர் முன்னாலும் சொல்கிறேன், தப்பு என்னுடையது. விட்ட படிப்பை அஞ்சல் வழியிலாவது முடிக்க வேண்டும் என்று உனக்கு எண்ணம் இருந்தால் ஒரு போன் செய். விண்ணப்பம் நான் வாங்கி வைக்கிறேன், முதல் வருடக் கட்டணமும் என் பென்ஷனில்தான். மறுத்துப் பேசக் கூடாது, இது டீச்சர் உத்தரவு.

வெள்ளிக்கிழமை போக வேண்டியவனுக்கு: வியாழக்கிழமை சாயங்காலம் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா. பையனையும் கூட்டி வா. இந்தத் தடவை கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படிப்போம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்